இருவரும் வேலைக்குப் போகும் வீடு: வரவு, செலவு, நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணத்தைவிட நேரத்துக்குத்தான் அதிகப் பஞ்சம் என்ற நிலையில் இருக்கும் தம்பதிகளுக்கான பக்கம் இது. ஒரு பட்ஜெட் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லாத வாரத்திலும் அது தானாக ஓடுமா? ஓடாது என்றால், பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தாலும் பயனில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலிருந்துதான் வருகின்றன.

இரண்டு சம்பளம் வருகிறது. இருந்தும் மாசக் கடைசியில் ஏன் துண்டு விழுகிறது?

ஊதாரித்தனம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் பணம் இரண்டு இடங்களில் கசிகிறது.

ஒன்று, மாதாமாதம் வராத செலவுகள். காப்பீட்டுத் தவணை, வண்டி சர்வீஸ், பள்ளிக் கட்டணம், பல் மருத்துவர், யாருக்கோ ஒரு பரிசு. இவற்றில் எதுவும் "மாதச் செலவு" பட்டியலில் இருக்காது. ஆனால் ஏதாவது ஒன்று ஒவ்வொரு மாதமும் வாசலில் வந்து நிற்கும். "இந்த மாசம் மட்டும்தான் கொஞ்சம் இழுபறி" என்று பன்னிரண்டு மாதமும் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, களைப்பு. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது யோசிக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகள் எப்போதும் விலை கூடியவை: வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு, அலமாரியில் ஏற்கெனவே இருப்பதை மறந்து இன்னொரு பாக்கெட், கடைசித் தேதி தாண்டியதால் பில்லோடு சேர்ந்த அபராதம், நிறுத்த வேண்டும் என்று நினைத்து நினைத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சந்தா. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. நேரமின்மைக்கு நாம் கட்டும் வரி என்று இவற்றை ஒரு தலைப்பின்கீழ் எழுதிப் பாருங்கள், அப்போதுதான் அளவு தெரியும். அதனால்தான் இங்கே பணத்தையும் அன்றாட வேலைகளையும் பிரிக்காமல் சேர்த்தே பேசுகிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இனிமேல் எப்படிச் செலவு செய்யப் போகிறோம் என்ற கனவிலிருந்து தொடங்க வேண்டாம். கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். இருவருடைய கணக்கும், கிரெடிட் கார்டும் சேர்த்து. ஒவ்வொரு வரியையும் மூன்று குவியல்களில் ஒன்றில் போடுங்கள்:

- தேதியும் தொகையும் தெரிந்தவை: வாடகை அல்லது வீட்டுக் கடன், தவணைகள், இன்டர்நெட், சந்தாக்கள்.
- ஓடிக்கொண்டே இருப்பவை: மளிகை, பெட்ரோல், போக்குவரத்து, வெளிச் சாப்பாடு.
- வருடத்தில் எப்போதாவது வருபவை.

இதற்குமேல் பிரிக்கத் தேவையில்லை. இருபத்தைந்து தலைப்புகளில் செலவைப் பிரிக்கும் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும், இரண்டாவது மாதம் யாரும் திறக்க மாட்டார்கள்.

இந்த ஒரு வேலையை மட்டும் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒருவர் செய்து மற்றவருக்குக் காட்டினால் அது கணக்குக் கேட்பது போல் ஆகிவிடும். "இது என்ன செலவு?" என்ற கேள்வி வரும்போது குரலில் விசாரணை தொனி வேண்டாம். இப்போதைக்கு எந்தக் குவியல் என்பது தெரிந்தால் போதும், நியாயமா இல்லையா என்பது பிறகு.

50-30-20 விதியைப் பின்பற்றலாமா?

வரி போகக் கையில் வருவதில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 சதவீதம் விருப்பங்களுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் என்பது அந்த விதி. எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005ல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. நிலைமையை எடைபோட நல்ல கருவி. உங்கள் தேவைகள் மட்டுமே 70 சதவீதம் என்றால் சந்தாவைக் குறைத்துப் பயனில்லை, வாடகை, வண்டி, கடன் போன்ற பெரிய விஷயங்களில்தான் கை வைக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

ஆனால் அதையே இலக்காக்கிக்கொண்டு, எட்டவில்லை என்று மனம் நொந்துபோக வேண்டாம். குழந்தை காப்பகக் கட்டணம் கட்டும் வருடங்களில் எந்த விகிதமும் பொருந்தாது. 20 வராவிட்டால் 5 வரட்டும். அந்த 5 சம்பள நாளன்றே தனியாகப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே கணக்கா, தனித்தனிக் கணக்கா?

ஜென்னி ஓல்சன் தலைமையிலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2023ல் வெளியிட்டார்கள். திருமணம் நிச்சயமானவர்கள், புதிதாகத் திருமணமானவர்கள் எனப் பல தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைக் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளவும், சிலரைத் தனிக் கணக்கிலேயே இருக்கவும் சொன்னார்கள். மற்றவர்களை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில், மற்ற இரண்டு குழுவினரின் உறவிலும் நாளாக நாளாக நிறைவு குறைந்தது. கூட்டுக் கணக்கு வைத்தவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. "என் பணம், உன் பணம்" என்ற கணக்கு குறைந்து, ஒரே நோக்கத்துக்காகப் பணத்தைப் பார்க்கத் தொடங்கியது ஒரு காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வாங்கலும் மற்றவர் போனில் குறுஞ்செய்தியாக வந்து விழும் வாழ்க்கை சிலருக்குச் சுகம், சிலருக்கு மூச்சுமுட்டல். நடைமுறையில் நன்றாக ஓடுவது மூன்று கணக்கு முறை: வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. சம்பளம் வந்த மறுநாளே வீட்டுக் கணக்குக்குப் பணம் தானாகப் போய்விட வேண்டும். எல்லா பில்களும் தவணைகளும் அந்தக் கணக்கிலிருந்தே பிடிக்கப்பட வேண்டும். ஆளுக்கென்று வைத்ததில் மிஞ்சுவதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. உறவில் பணத்தை வைத்து மிரட்டல் இருந்தால், உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அங்கே ஆய்வு முடிவுகளெல்லாம் பொருந்தாது.

எங்கள் இருவர் சம்பளமும் சமமாக இல்லை. பொதுச் செலவை எப்படிப் பங்கு போடுவது?

இதைப் பேசிப் புரியவைப்பதைவிடப் போட்டுப் பார்ப்பது எளிது. இருவரும் சேர்ந்து சம்பாதிப்பது 100 என்று வையுங்கள். ஒருவருக்கு 70, மற்றவருக்கு 30. சேமிப்பும் சேர்த்துப் பொதுச் செலவு 50.

ஆளுக்குப் பாதி என்றால் இருவரும் 25 கொடுப்பார்கள். முதலாமவர் கையில் 45 மிஞ்சும், இரண்டாமவர் கையில் 5. காகிதத்தில் சமம். ஆனால் வெளியே சாப்பிடப் போகலாமா என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட இருவரும் வேறு வேறு வீட்டிலிருந்து பதில் சொல்வார்கள்.

சம்பள விகிதப்படி என்றால் 35, 15. மிஞ்சுவதும் 35, 15. பெரும்பாலானோர் இங்கே வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவது வழி, மிஞ்சுவதைச் சமமாக்குவது. முதலாமவர் 45, இரண்டாமவர் 5 கொடுக்கிறார்கள், இருவர் கையிலும் 25. குழந்தைக்காகவோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ ஒருவர் வேலை நேரத்தைக் குறைத்திருந்தால் இதுதான் நியாயம் என்பது என் கருத்து. அந்த 30 ஏன் 50 ஆக இல்லை என்பதற்கான காரணம் வீட்டுக்குள்தானே இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் சம்பளம் மாறும்போதும் வேலை மாறும்போதும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

எங்களில் ஒருவருக்குத்தான் சம்பளம். அப்போது?

மேலே சொன்ன மூன்றாவது வழியே. சம்பளம் இல்லாதவருக்கும் கேட்காமல் செலவு செய்யும் தொகை, மற்றவருக்கு உள்ள அதே அளவில், அதே நாளில் வர வேண்டும். கேட்டு வாங்கும்படி வைத்தால் சிறுவாடு சேர்க்கத்தான் தோன்றும், அதில் தப்பும் சொல்ல முடியாது. அவர் பெயரிலும் சேமிப்பும் காப்பீடும் இருக்கட்டும்.

மளிகைக்கு வாரக் கணக்கு வைத்தோம். ஆனாலும் செலவு கணக்கை மீறிப் போகிறது.

மாதத் தொகையை நாலால் வகுத்தீர்களா? அங்கேதான் கோளாறு. 12 மாதத்தை நாலு நாலு வாரமாக வைத்தால் 48 வாரம்தான் வரும். வருடத்தில் இருப்பது 52. நாலால் வகுத்த தொகையை ஒவ்வொரு வாரமும் செலவு செய்தால், வருடத்துக்கு 13 மாத மளிகை வாங்கியிருப்பீர்கள். 4.33 ஆல் வகுங்கள், அல்லது வருடத் தொகையை 52 ஆல்.

வாரக் கணக்கு என்ற யோசனை நல்லதுதான், விட்டுவிட வேண்டாம். மாத பட்ஜெட்டில் தப்பு நடந்தது இருபதாம் தேதிக்குமேல்தான் தெரியும், அதற்குள் காரியம் கைமீறியிருக்கும். வாரத்தில் தப்பினால் அடுத்த வாரமே சரி செய்துவிடலாம். வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். விடுமுறை நாட்களில் அதிகம் செலவாகும் வீடு என்றால், விடுமுறை முடிந்த மறுநாளில் வாரத்தை முடிக்காதீர்கள், தொடங்குங்கள். விடுமுறை வாரக் கடைசியில் வரும்போது மீதி எவ்வளவு என்பது தெரிந்தே செலவு செய்வீர்கள்.

வருடத்தில் எப்போதாவது வரும் செலவுகளை எப்படிச் சமாளிப்பது?

போன வருட வங்கி அறிக்கையைத் திறந்து அப்படிப்பட்டவற்றை எல்லாம் கூட்டுங்கள். 12 ஆல் வகுங்கள். அந்தத் தொகை மாதாமாதம் தனிக் கணக்குக்கு, வாடகை போவது போலவே, கேள்வி கேட்காமல் போகட்டும். செலவு வரும்போது அதிலிருந்து எடுங்கள். சேமிப்பு என்று இதைக் கணக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது. இன்னும் பில் வராத செலவு, அவ்வளவே.

ஆரம்பிக்கும் வருடத்தில் பெரிய செலவு இரண்டாவது மாதத்திலேயே வந்து இடிக்கும். கையில் இருக்கும் சேமிப்பிலிருந்து அந்தக் கணக்குக்கு ஒரு தொகையைப் போட்டுத் தொடங்கினால் பிழைத்தீர்கள்.

அவசர நிதி எவ்வளவு இருக்க வேண்டும்?

மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கவனியுங்கள், செலவுதான், சம்பளமல்ல. அதிலும் வேலை போனால் தானாக நின்றுவிடும் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டு சம்பளம் வரும் வீட்டில் ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கும் என்பது உண்மை. ஆனால் இருவரும் ஒரே நிறுவனத்தில், அல்லது ஒரே துறையில் இருந்தால் அந்தத் தைரியம் பாதிதான் செல்லும். ஒரு துறை தள்ளாடும்போது இரண்டு வேலையும் சேர்ந்தே ஆடும். அப்படிப்பட்டவர்கள் ஆறு மாதத்தை நோக்கிப் போவது நல்லது.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே வருகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைக்கட்டும் என்றுதான் அந்த வரியை பில்லில் அச்சடிக்கிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். பாக்கி 10,000. வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம், கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதாமாதம் வட்டி சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம் கட்டி வந்தால், ஒரு வருட முடிவில் நீங்கள் கட்டியது சுமார் 5,500. பாக்கி இன்னும் 7,700க்குமேல் நிற்கும். கட்டியதில் பாதிக்குமேல் வட்டிக்கே போயிற்று.

மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று எண்ணுகிறோம். வட்டிக்கு வட்டி சேரும்போது அது 42 சதவீதத்தைத் தாண்டும். 72ஐ வருட வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று தோராயமாகக் கிடைக்கும். 36க்கு இரண்டு வருடம். சேமிப்புக்கு அந்த வேகத்தில் வட்டி தருபவர் யாரும் இல்லை என்பதால், கார்டு பாக்கி இருக்கும்போது அவசரத்துக்கு ஒரு சிறு தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பணத்தையெல்லாம் கார்டில் கட்டுவதே சரி.

பல கடன்கள் இருக்கின்றன. எதை முதலில் அடைப்பது?

கணக்குப்படி, வட்டி அதிகமான கடனை. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிஞ்சியதை அதில் போடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. வட்டிகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அப்படிச் செய்வதில் நஷ்டமில்லை, கட்ட வேண்டிய தேதிகளில் ஒன்று குறைவதே நேரமில்லாத வீட்டில் நிம்மதி. உறவினரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காகக் கடைசியில் தள்ளாதீர்கள். அதற்கான வட்டி வேறு விதமாக வசூலாகும்.

ஒவ்வொரு செலவையும் எழுத வேண்டுமா?

இரண்டு மாதம் எழுதுங்கள், பழக்கம் பிடிபடும். அதற்குப் பிறகு தேவையில்லை. பில்களும் சேமிப்பும் தானாகப் போய்விட்டால், வீட்டுக் கணக்கில் வாரச் செலவுக்கு என்ன மீதி இருக்கிறது என்ற ஒரே எண்ணைப் பார்த்தால் போதும்.

ஒருவர் கைக்குச் சிக்கனம், மற்றவர் கைக்கு ஓட்டை. சண்டை வராமல் இருக்குமா?

வரும். இந்த ஜோடிப் பொருத்தம் எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. சிக்கனக்காரர் எப்போதும் சரி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். கிழிந்துபோன மெத்தையில் நாலு வருடம் படுப்பதும், வலித்த பல்லைப் பார்க்காமல் தள்ளிப் போடுவதும் சேமிப்பில் சேராது.

உதவும் ஏற்பாடுகள் இரண்டு. முதலாவது, முன்பு சொன்ன, கேள்வி கேட்கப்படாத பணம். அளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, இருவருக்கும் சமமாக இருந்தால் போதும். ஒருவர் அதைச் சேர்த்து வைப்பார், மற்றவர் முதல் வாரத்திலேயே தீர்ப்பார். இரண்டுமே அவரவர் பாடு. இரண்டாவது, ஒரு எல்லைத் தொகை. அதற்குமேல் வாங்குவதென்றால் முதலில் சொல்ல வேண்டும். அனுமதி கேட்பது வேறு, சொல்வது வேறு. சொல்லிவிட்டு ஒரு இரவு தள்ளிப் போட்டாலே பாதி ஆசைகள் காலையில் காணாமல் போயிருக்கும்.

வாங்கியதை மறைப்பது, விலையைக் குறைத்துச் சொல்வது எல்லாம் தொடங்கிவிட்டால் பிரச்சினை அந்தப் பொருளில் இல்லை. வாங்கினேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்ற பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

பேசுகிறீர்கள். சாவி தேடும்போது, குழந்தையை வண்டியில் ஏற்றும்போது, தூங்கப் போகும்போது. அதாவது பேசவே கூடாத நேரங்களில். ஒரு வீட்டில் கேட்ட உரையாடல்:

"கரண்ட் பில் கட்டியாச்சா?"

"நீ கட்டிட்டேன்னு நினைச்சேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"போன தடவை நீதானே கட்டினே."

நாலு வரிதான். நாலாவது வரியிலேயே பில் மறைந்து "எல்லாத்தையும் நான்தான் பாக்கணுமா" வந்து நிற்கும்.

வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரே நேரத்தில் உட்காருங்கள். முதலில் நாட்காட்டி: வரும் வாரம் யார் எந்த நாளில் தாமதமாக வருவார், குழந்தையை யார் அழைத்து வருவது, எந்த இரவு சமைக்க முடியாது. பிறகு பணம்: மீதி எவ்வளவு, வரப்போகும் செலவு என்ன. நாட்காட்டி முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. அடுத்த வாரச் செலவில் பாதியை அதுவே சொல்லிவிடும். இருவரும் தாமதமாக வரும் நாளில் வெளிச் சாப்பாடு என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் அது பட்ஜெட்டை மீறிய செலவே ஆகாது.

இருபது நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள். தீராத விஷயம் அடுத்த வாரத்துக்கு. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இதைத் தொடங்காதீர்கள்.

வீட்டு வேலையில் நான்தான் அதிகம் செய்கிறேன் என்று இருவருமே நினைக்கிறோம். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் நேர்மைதான், கூட்டினால்தான் இடிக்கும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979ல் வெளியிட்ட ஆய்வில் கணவன் மனைவியரைத் தனித்தனியாக, ஒவ்வொரு வேலையிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. நாம் செய்தது நம் நினைவில் சட்டென்று வருகிறது, மற்றவர் செய்ததில் பாதியை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

அதற்காக எல்லா வீட்டிலும் பங்கு சமம் என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019ல் அதை நாலு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. குழந்தையின் ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போய் வாங்கி வருவது அரை மணி நேர வேலை. ஆனால் விரல் முன்னால் முட்டுகிறது என்று கவனித்தது யார்? புது அளவு என்ன, பள்ளிக்கு எந்த நிறம், எந்தத் தேதிக்குள் என்று விசாரித்தது யார்? வாங்கியது கடிக்கிறதா என்று நாலு நாள் கழித்துக் கேட்டது யார்? டேமிங்கர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவெடுக்கும் படியில் இருவரும் பங்கேற்றார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன.

ஆகவே வேலையைப் பிரிக்கும்போது நாலு படிகளையும் சேர்த்துக் கைமாற்றுங்கள். "சொல்லு, செய்யறேன்" என்பதில் உதவி இருக்கிறது, பொறுப்பு இல்லை. மளிகை ஒருவருடையது என்றால் என்ன தீர்ந்தது என்று பார்ப்பதும் அவர் வேலை. மற்றவர் அலமாரியைத் திறந்து பார்த்து நினைவூட்டக் கூடாது. அவர் ஒருமுறை மறப்பார், ஒருநாள் டீத்தூள் இல்லாமல் போகும். போகட்டும். அந்த ஒருநாளைத் தாங்க முடியாதவர்கள்தான் எல்லாப் பொறுப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டு புலம்புகிறார்கள்.

வேலைக்கு ஆள் வைப்பதும் நேரம் மிச்சப்படுத்தும் கருவி வாங்குவதும் ஆடம்பரமா?

ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் முதலியோர் 2017ல் வெளியிட்ட, பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வில், நேரத்தை மிச்சப்படுத்தப் பணம் செலவிட்டவர்கள் வாழ்க்கையில் அதிக நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள். வருமானம் குறைவாக உள்ளவர்களிடமும் அப்படித்தான். எனவே குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எந்த வேலைக்குப் பணம் கொடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். அதிக நேரம் பிடிக்கும் வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதிகச் சண்டையைக் கிளப்பும் வேலையைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் அது பாத்திரம். மிச்சமான நேரத்தை அலுவலக வேலைக்குக் கொடுத்துவிட்டால் வாங்கியது வீண்.

மாலையில் சமையல், துணி, குழந்தை எல்லாம் ஒன்றாகத் தலையில் விழுகிறது. என்ன செய்யலாம்?

வாரத்தில் 168 மணி நேரம். தூக்கம் 56, வேலையும் பயணமும் 50 என்றால் 62 மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறது, ஆனால் துண்டு துண்டாக. துண்டு நேரத்தில் உடல் வேலை செய்யலாம், யோசிக்க முடியாது. எனவே யோசனையை மாலையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வகைச் சமையல் என்று நிலையாக வைத்துவிடுங்கள். அலுப்பாக இருக்கும்தான், ஆனால் "இன்னைக்கு என்ன?" என்ற கேள்வி போய்விடும். மளிகைப் பட்டியலும் தானாகச் சுருங்கும். துணிக்கு நாள் குறித்துவிடுங்கள். பத்தே நிமிடத்தில் ஆகும் ஒரு சமையலுக்கான பொருள் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். வெளியிலிருந்து வரவழைப்பதற்குப் போட்டி அதுதான்.

சம்பளம் உயர்ந்தது. பழைய நிலைமையே நீடிக்கிறதே?

"வருமானம் உயர உயரச் செலவும் அதைத் தொட உயரும்" என்று ஆங்கில எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1960லேயே சொல்லிவிட்டார். உயர்வு கையில் வருமுன் அதில் பாதியைச் சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். மீதிப் பாதியை அனுபவியுங்கள், எதற்கு என்று பேசி முடிவெடுத்து.

ஒருவருடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை அடிப்படையாக வைத்து பட்ஜெட் போடுங்கள். அதற்குமேல் வருவது எல்லாம் ஒரு இடைக் கணக்கில் நிற்கட்டும், அங்கிருந்து மாதாமாதம் ஒரே தொகையைச் "சம்பளமாக" எடுத்துக்கொள்ளுங்கள். வரி கட்ட வேண்டிய பங்கை வந்த அன்றே பிரித்து வைத்துவிடுங்கள். நிலையான சம்பளம் இருவரில் ஒருவருக்கு இருந்தால் வாடகையும் கடன் தவணையும் அதிலிருந்தே போகட்டும்.

எல்லாக் கணக்கும் ஒருவருக்குத்தான் தெரியும். அது தவறா?

ஒருவர் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. மற்றவரால் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது என்றால் ஆபத்து. எந்த வங்கியில் என்ன கணக்கு, எந்தத் தேதியில் எது பிடிக்கப்படும், காப்பீட்டு எண்கள், கடன்கள், யாரிடம் எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறோம், ஒவ்வொரு கணக்கிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது: ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டுகள் அந்தத் தாளில் வேண்டாம், அவற்றுக்கான ஆப்பில் இருக்கட்டும். வாரிசுப் பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் பழைய பெயரே நிற்பது சாதாரணம். வருடத்தில் ஒரு மாதம் பொறுப்பை மாற்றிக்கொண்டால் தாளில் என்ன விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

எந்த ஆப் நல்லது?

இருவர் போனிலும் திறக்கும் எதுவும். பகிர்ந்துகொண்ட ஒரு ஷீட்டும், பகிர்ந்துகொண்ட ஒரு நாட்காட்டியும் போதும். புது ஆப் ஒன்றைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்து ஒரு விடுமுறை நாளைச் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் போன மூன்று மாத வங்கி அறிக்கையைத் திறந்து ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களில் இரண்டை நிறுத்திவிடலாம். இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவற்றுக்கு, அது முடிய இரண்டு நாளுக்கு முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.